பதினான்காவது கேள்வி

ஒரே கேள்வித்தாளை ஒரே ஆளிடம் இரண்டு வாரம் விட்டு இரண்டு தடவை கொடுக்க வேண்டும். இரண்டு தடவையும் பதில் ஒத்துப்போனால் தாளை நம்பலாம்; ஒத்துப்போகாவிட்டால் குப்பையில் போட வேண்டியதுதான். பதில் சரியா தப்பா என்பது வேறு கதை. தப்பையே இரண்டு தடவை எழுதினாலும் கணக்குக்குக் கொண்டாட்டம்தான். விளையாடுகிறவர்களுக்குச் சாப்பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கும் அந்தத் தாளுக்காகப் பெரியவள் மூன்று வருடம் மாடாக உழைத்திருந்தாள். அவளுடைய பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

நாற்பது பேர் தேவை. தலைகீழாக நின்றும் முப்பத்தொன்பதுதான் தேறியது. மல்யுத்தம் பழகும் தங்கைதான் கைகொடுத்தாள். "நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல, என்னைச் சேத்துக்கோ."

தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அதனால் என்ன, கூடப் பிறந்தவளின் டிக் தெரியாதா? வால் நீண்டு அடுத்த கட்டத்துக்குள் போய் நிற்கும். பதினான்காவது கேள்வி இது: 'போட்டிக்கு எடை பார்க்கும் முன் இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் ஆபத்தில்லை.' சின்னவள் 'சரி' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தாள்.

பெரியவளுக்குத் திக்கென்றது. மறுநாளே பேராசிரியையிடம் போய், ஒருத்தர் இப்படி எழுதியிருக்கிறாரே, சொல்லிவிடலாமா என்று கேட்டாள்.

"நடுவுல சொல்லிக் குடுத்தா, நீ சோதிக்கிறது கேள்வித்தாளை இல்லம்மா, உன் வாயை," என்றார் அவர். "பதினாலு நாள் பொறு. அப்புறம் எல்லாரையும் உக்கார வச்சு வகுப்பே எடு."

அந்த ஒருத்தர் தன் தங்கை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தாளை எடுத்துவிடச் சொல்லியிருப்பார். நாற்பது முப்பத்தொன்பதாகிவிடும். அதற்கு மனசு வரவில்லை, மகராசிக்கு.

பன்னிரண்டாம் நாள் சின்னவளுக்குப் போட்டி. பத்தாம் நாள் காலையில் தண்ணீர் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். எடை குறைய, வெயிலில் இரண்டு சட்டைக்கு மேல் ஒரு தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு ஓடினாள். மத்தியானம் தட்டைத் தொடவில்லை. எதிரில் உட்கார்ந்த பெரியவளுக்கும் இறங்கவில்லை.

"எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதாம்?" என்று அம்மா பெரியவளைப் பார்த்து இடித்தாள்.

சின்னவள் சிரித்தாள். உதடு வெடித்திருந்தது. "அக்கா, அந்தத் தண்ணிக் கேள்வி இருக்கே, நான் போட்டது சரிதானே?"

"ரெண்டாவது தடவை எழுதி முடி. அப்புறம் சொல்றேன்."

"ம்ஹூம், பெரிய ரகசியம்! ஆபத்துன்னா நீ சும்மா இருப்பியா என்ன?" என்று எழுந்து போனாள்.

நாலு நாள்தானே, பயிற்சியாளர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று பெரியவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். தட்டிலிருந்ததையும் சாப்பிட்டு முடித்தாள், பாவி.

போட்டியன்று எடை சரியாகத்தான் இருந்தது. தராசைவிட்டு இறங்கும்போதுதான் சின்னவள் விழுந்தாள். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன, திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, இனித் தண்ணீர்கூட அளந்துதான் என்றார் மருத்துவர். அம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். பெரியவள்தான் நர்ஸ் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள், மருந்து வாங்கினாள், சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரே வாக்கியத்தைப் போனில் சொன்னாள். அழுகை வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு ஈறு மரத்துப்போயிருக்குமே, அந்த மாதிரி இருந்தது உள்ளே.

"கல்லாட்டம் நிக்கிறாளே, அழுதுடுடி," என்றாள் அம்மா. அவளும் முயன்றுதான் பார்த்தாள்.

பதினான்காம் நாள் முப்பத்தொன்பது பேரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு, பையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"என் தாள் எங்க?" என்றாள் சின்னவள்.

"வேணாம், விடு."

"அட, குடுக்கா. என்னால உன் படிப்பு கெடணுமா?"

இடது கையில் ஊசி ஏறியிருந்தது. வலது கையால் மளமளவென்று போட்டுக்கொண்டே வந்தவள் பதினான்கில் நின்றாள். பிறகு 'சரி'யில் டிக் போட்டாள். வால் நீண்டு அடுத்த கட்டத்துக்குள் போனது.

"தப்புடி அது," என்றாள் பெரியவள்.

"தெரியுமே, அதனாலதானே படுத்திருக்கேன். முன்னாடி போட்டதையே போட்டாத்தானே உன் கணக்கு ஒத்து வரும்?"

சின்னவள் பெரியவளின் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் கேட்டப்பவே உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

சின்னவள் தாளை நீட்டினாள். பெரியவள் வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, மற்ற முப்பத்தொன்பதோடு சேர்த்துக் கட்டினாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

ரொம்ப நேரம் கழித்து, "தண்ணி குடு," என்றாள் சின்னவள். அக்கா என்று சேர்க்கவில்லை.

மேசைமேல் அளவுக் குவளை காலியாக இருந்தது.

"இன்னைக்கு உள்ளது முடிஞ்சுபோச்சு," என்றாள் பெரியவள். "நாளைக்குக் காலையில தர்றேன்."