நகர்த்திய புகை

படத்தில் புகையை நகர்த்தியது அம்சவள்ளிதான். யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இடது ஓரத்தில் இருந்ததைத் தூக்கி வலப்பக்கம், கருப்பண்ணன் வீட்டுக்குப் பின்னால் வைத்தாள். அப்படி வைத்தால் படம் நன்றாக நின்றது. வேறு காரணம் எதுவும் கிடையாது.

ரிஷிவந்தியம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அவள் ஓவிய ஆசிரியை. நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சருக்கு என்ன மரியாதை என்று எல்லோருக்கும் தெரியும். கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது ஓவியப் பீரியடுதான். ஆண்டு விழாவுக்குத் தட்டி எழுத, தேர்தல் வந்தால் சுவரில் அம்புக்குறி போட, அதற்குத்தான் அவளைத் தேடுவார்கள். வாரம் முழுக்க இந்த எரிச்சலை விழுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் படம் நிறுத்துகிற ஈசல் சட்டத்தையும் ஆயில் பெயின்ட் பெட்டியையும் கட்டிக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறிவிடுவாள். போட்டோவைப் பார்த்து வரைகிறவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது. எதிரே நின்று, வெயிலில் காய்ந்து, கண்ணால் பார்த்ததை வரைய வேண்டும். வெளிச்சம் எங்கே விழுந்தது என்ற ஞாபகத்துக்காக முதல் நாட்களில் ஒன்றிரண்டு படம் போனில் எடுத்துக்கொள்வாள், அதையும் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

ஆவணியில் கருப்பண்ணனின் வீட்டைக் கண்டுபிடித்தாள். ஒரு சரிவில் ஒற்றை வீடு. முன்னால் சாமைக் காடு, பின்னால் மலை, இடதுபக்கம் தூரத்தில் ஓடை இறங்குகிற பள்ளம். வரையலாமா என்று கேட்டபோது கருப்பண்ணன் சிரித்தார். "இதுல வரைய இன்னா கீது டீச்சர்?" என்றார். அவர் மனைவி வெள்ளச்சி ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

ஆயில் பெயின்ட் லேசில் காயாது. ஒரு பூச்சு காய ஒரு வாரம் பிடிக்கும். வெளிச்சமும் தினம் ஒரே நேரத்தில்தான் ஒரே மாதிரி விழும். அதனால் அஞ்சு ஞாயிறு, சாயங்காலம் நாலிலிருந்து அஞ்சரை வரை, அதே இடத்தில் அம்சவள்ளி நின்றாள். ஈரப் படத்தை ஸ்கூட்டியில் கொண்டுபோனால் புழுதி ஒட்டும் என்று அவர்கள் வீட்டுக்குள்ளேயே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வருவாள். பெயின்டில் கலக்கிற டர்பன்டைன் நாற்றத்தில் வெள்ளச்சிக்குத் தலைவலி வந்திருக்க வேண்டும், ஆனால் சொன்னதில்லை.

அவர்களுக்கு ராஜேஷ் என்று ஒரே மகன். இருபத்துநாலு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய், வேலை போய், நாலு மாதத்துக்கு முன்னால் திரும்பி வந்திருந்தான். சாயங்காலம் அந்தப் பள்ளத்துப் பக்கமிருந்து ஏறி வருவான். மாடு தேடப் போனதாகச் சொல்வான். அவளைக் கண்டால் நிற்காமல் போய்விடுவான். கூச்ச சுபாவம் என்று அம்சவள்ளி நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிறு அந்தப் பள்ளத்திலிருந்து புகை எழும்பியது. ஒரு பெரிய பாறைக்குப் பின்னாலிருந்து, நேராக, தடியாக. அவள் உடனே அதைப் படத்தில் பிடித்தாள். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கருப்பண்ணன் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"அந்தப் பொகை எதுக்கு டீச்சர்? யாரோ சருகு கொளுத்துறாங்க. நாளைக்கு இருக்காது."

"அது இருந்தாதான்ணா மலைக்கு ஒரு உசுரு."

அடுத்த வாரம் அவர் முகம் சரியில்லை. படத்தின் பக்கமே வரவில்லை.

நாலாவது ஞாயிறு அவளுக்கே அந்தப் புகை உறுத்தியது. கண்ணை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, வீடு அநாதையாய் நின்றது. கத்தியால் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, புகையை வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து அதே தடிமனில் பூசினாள். வரைகிற எல்லோரும் செய்வதுதான். மரத்தைத் தள்ளி வைப்பார்கள், கம்பத்தை எடுத்துவிடுவார்கள். கருப்பண்ணன் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்ப நல்லா கீது டீச்சர். இப்பதான் எங்க வூடு மாதிரி கீது."

அன்றைக்கு வெள்ளச்சி ஒரு பை நிறைய அவரைக்காய் கொடுத்தனுப்பினாள். மலையிறங்கும்போது அம்சவள்ளிக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் ஒரு மனுஷன்கூட அவள் படத்தைப் பார்த்து நல்லா இருக்கிறது என்று வாய் திறந்து சொன்னதில்லை.

ஐப்பசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். அவள் படத்துக்கு இரண்டாம் பரிசு. கீழே அட்டையில் தன் கையாலேயே அழகாக எழுதி ஒட்டினாள்: 'கருப்பண்ணன் வீடு, மாலை ஐந்து மணி.' அடியில் ஊர்ப் பெயர் வேறு.

அதே வாரம் மலைக்குக் கீழே ஒரு கிராமத்தில் சாராயம் குடித்து ஒருவர் செத்துப்போனார். இன்னும் இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மலைச் சாராயம் என்று பேச்சு வந்தது. குடிக்கிறவன் கீழே இருப்பான், கடத்துகிறவன் கீழே இருப்பான், ஆனால் தேடுவது என்றால் எல்லோரும் மலையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். கண்காட்சிக்கு வந்த ஓர் இன்ஸ்பெக்டர் அவள் படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றார். ரசிகர் என்று நினைத்து அம்சவள்ளி தானாகவே பக்கத்தில் போனாள்.

"இது நேர்ல பாத்து வரைஞ்சதாம்மா?"

"நேர்ல பாத்தாதான் சார் வரைவேன். கற்பனையெல்லாம் கெடையாது."

"அந்தப் பொகை?"

"அதுவும்தான் சார்."

இதைச் சொல்லும்போது அவளுக்கு எவ்வளவு பெருமை. அவர் போனில் படம் எடுத்துக்கொண்டார். அதையும் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு போன் வந்தது. ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. விடியற்காலையில் கருப்பண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் சாராய ஊறல் நாற்றத்தோடு இரண்டு காலி பேரல் இருந்திருக்கிறது. யாருடையது என்று கேட்டதும் கருப்பண்ணன் என்னுதுதான் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் அடுப்பு எரிந்து புகை வந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று அம்சவள்ளி எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

கருப்பண்ணன் சுவர் ஓரமாகத் தரையில் குந்தியிருந்தார். ஒரு மனிதர் செத்திருக்கிறார், இது ஒரு மாதம் இரண்டு மாதத்தில் வெளியே வருகிற கேஸ் இல்லை. சும்மா கிடந்த மனுஷனை மாட்டிவிட்டோமே என்று அம்சவள்ளி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். பொகை அங்க வரல."

"நேர்ல பாத்தேன்னு எங்கிட்ட சொன்னீங்களேம்மா."

"படம் நல்லா இருக்கணும்னு எடம் மாத்திட்டேன் சார். அவரு வூட்டுக்குப் பின்னாடி ஒண்ணுமே கெடையாது."

சுவர் ஓரத்திலிருந்து கருப்பண்ணன் பேசினார். "டீச்சர் சரியாதான் போட்டாங்க சார். அடுப்பு அங்கதான் வச்சிருந்தேன், கலைச்சிட்டேன். நான்தான் ஒத்துக்கினேனே."

"பயப்படாதீங்கண்ணா. நான் பாத்துக்கறேன்."

"வேணாம் டீச்சர். அவங்க கேட்டத எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போங்க."

அடித்து ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கண்ணில் இருந்தது பயம் என்றே எடுத்துக்கொண்டாள். பயம்தான் அது. எதற்கான பயம் என்று யோசிக்கிற நிதானம் அவளுக்கு இல்லை. நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்லி ஒரு ஏழையைக் காப்பாற்றப் போகிறோம் என்கிற வேகம் வந்துவிட்டது. கைப்பையிலிருந்து போனை எடுத்து, இரண்டாவது ஞாயிறு எடுத்த போட்டோவைத் தேடி மேஜைமேல் வைத்தாள்.

"இத பாருங்க சார். இதுதான் நெசம். அந்தப் பள்ளத்துல, பாறைக்குப் பின்னாடி. அவரு வூட்டுக்கும் இதுக்கும் எவ்ளோ தூரம் பாருங்க."

இன்ஸ்பெக்டர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பாறை தெரிந்தது. ஓடை தெரிந்தது. தேதியும் நேரமும்கூட இருந்தன. கருப்பண்ணன் தலையை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்சவள்ளிக்கு உடம்பு லேசாகிவிட்டது. எதிர்க்கடையில் டீ குடித்தாள். தப்புப் பண்ணினோம், நாமே போய்ச் சரிசெய்துவிட்டோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் சாயங்காலம் இன்ஸ்பெக்டரே கூப்பிட்டார். பாறைக்குப் பின்னால் அடுப்பு, பானை, நாலு பேரல் ஊறல் எல்லாம் அகப்பட்டது. ஆளும் அங்கேயே அகப்பட்டான். வேறு யாருமில்லை, அந்தப் பெரியவருடைய மகன்தான். அப்பாவையும் விட முடியாது, பேரல் அவர் வீட்டில் இருந்ததாயிற்றே, தெரிந்தே மறைத்தும் இருக்கிறார். "ரொம்ப உதவியா இருந்துது டீச்சர்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அம்சவள்ளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிலை இல்லாமல் மனம் அலைந்தது. ஒரு மனிதர் செத்திருக்கிறார், அவருக்கும் ஒரு வீடு உண்டு, அங்கேயும் ஒரு பெண் இடிந்துபோய்க் கிடப்பாள், காய்ச்சியவன் பிடிபட வேண்டியதுதானே என்று ஒரு தரம் நினைத்தாள். நினைத்ததும் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அவள் நியாயத்துக்காகவா ஸ்டேஷனுக்குப் போனாள்? முதலில் பெருமைக்காக ஒரு பொய் சொன்னாள். பிறகு அந்தப் பொய்யைத் துடைத்துக்கொள்வதற்காக ஒரு உண்மையைச் சொன்னாள். இரண்டு தடவையும் அவள் பார்த்தது தன்னைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி, ஈசல் எதுவும் இல்லாமல் மலை ஏறினாள். வெள்ளச்சி சாமைக் காட்டில் தனியாக அறுத்துக்கொண்டிருந்தாள். கால்வாசிகூட முடியவில்லை. அம்சவள்ளி வரப்பில் நின்றாள். வெள்ளச்சிதான் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"வாங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு வெள்ளச்சி மறுபடி குனிந்தாள்.

"அக்கா, ராஜேஷ்னு எனக்கு சத்தியமா தெரியாதுக்கா."

"தெரியாதுதான். ஒங்ககிட்ட யாரு சொன்னா."

"அண்ணன் மேல தப்பில்லன்னுதான் நான் சொன்னேன்."

வெள்ளச்சி ஒரு பிடி அறுத்துக் கீழே வைத்தாள். "அவரு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டாரு டீச்சர். போலீஸ் வந்தா நான் போறேன், எனக்கு இனிமே இன்னா கீது, நீ புள்ளைய இட்டுக்கினு ஒரு பொண்ணு பாத்து முடிச்சிடுன்னு. அவன்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கினாரு, இந்த ஒரு ஊறலோட கலைச்சிடறேன்னு. நீங்க பொகைய இந்தப் பக்கம் வரைஞ்சப்ப, சாமியே ஒங்கள அனுப்பிச்சிதுன்னு சொன்னாரு."

அம்சவள்ளி வரப்பிலேயே உட்கார்ந்தாள். காற்று அடிக்கும்போதெல்லாம் முற்றிய சாமை பொலபொலவென்று மண்ணில் உதிர்ந்தது. இன்னும் நாலு நாள் விட்டால் அறுக்க ஒன்றும் இருக்காது. வெள்ளச்சி ஒருத்தியால் அது முடிகிற வேலையில்லை. வரப்பில் இன்னொரு கதிரறுவாள் கிடந்தது. அம்சவள்ளி அதை எடுத்துக்கொண்டு காட்டில் இறங்கி, தெரியாத கையால் ஒரு பிடி சாமையைப் பற்றினாள்.

வெள்ளச்சி எழுந்து வந்தாள். கோபமாகப் பிடுங்கவில்லை. குழந்தை கையிலிருந்து எடுப்பதுபோல் விரலை விலக்கி அறுவாளை வாங்கிக்கொண்டாள்.

"வாணாம் டீச்சர். ஒங்க கையால வாணாம். இருட்டுறதுக்குள்ள எறங்கிடுங்க."