வாசப்படிக்கு அனுமதி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். அன்புக்கரசிக்கு இரண்டும் ஒன்றாக வந்து மாட்டின. மகன் கதிரேசனுக்குக் கல்யாணம். கூடவே, மேற்கு மாம்பலத்தில் அவர்கள் இருந்த தரைத்தள வீட்டின் படிக்கட்டை இடித்துச் சாய்தளம் போடும் வேலை.

வரப்போகும் மருமகள் பொன்மணியால் நடக்க முடியாது. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிதான். நிச்சயத்தன்றே சொல்லிவிட்டாள்: “எங்க போனாலும் மூட்டை மாதிரி தூக்கினு போறாங்க அத்தை. உங்க வூட்டுக்குள்ளயாச்சும் நானே வரணும்.” அன்புக்கரசி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதற்கப்புறம்தானே கூத்து!

தெருப்பக்கம் நீட்டினால் மழைநீர்க் கால்வாயை மறைக்கும், கூடவே கூடாது என்றார் மாநகராட்சி ஆள். காம்பவுண்டுக்கு உள்ளே போடலாமென்றால் அது பொது இடமாம். எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போடவேண்டும் என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் விஜயராகவன். அவர் சட்டம் பேச ஆரம்பித்தால் சுவரும் கொட்டாவி விடும். மாடிவீட்டு ஸ்ரீரங்கனோ, தன் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தை விடமாட்டேன் என்று குதித்தார்.

அன்புக்கரசி விட்டாளா? காலையும் மாலையும் அவர் வாசலில் போய் நின்றாள். “ஸ்கூட்டருக்கு இன்னா சார், எங்க வேணா நிக்கும். எம்மருமவ எங்க நிப்பா?” கடைசியில் மனிதர், ஆளை விடு தாயே என்று கும்பிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சாய்தளம் நீளமாய், பதமான சரிவாய் எழுந்தது. பொன்மணியை ஒருதரம் வரவழைத்து ஏற்றிப் பார்க்கலாம் என்றான் கதிரேசன். “தாலி ஏறாம பொண்ணு மாப்ள வூட்டு வாசப்படி மிதிக்கலாமாடா?” என்று அவன் வாயை அடைத்தாள் அன்புக்கரசி.

தாலி ஏறியது. மேளம் முழங்க வந்து, ஆரத்தியும் சுற்றியாயிற்று. பொன்மணி சர்ரென்று சாய்தளத்தில் ஏறினாள். தெருவே கைதட்டியது. அன்புக்கரசிக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

வண்டி வாசலில் முட்டி நின்றது.

வாசப்படி! வெள்ளிதோறும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த, கணுக்கால் உயர மரப்படி. அடக் கடவுளே, யானை நுழைந்து வால் சிக்கின கதை!

“நான் தூக்கிடறேம்மா,” என்றான் கதிரேசன். பொன்மணியின் முகம் வாடியதை அன்புக்கரசி பார்த்துவிட்டாள்.

“அறிவு! ரம்பத்த எடுத்தா!”

கூட்டத்தில் நின்ற எதிர்க்கடைத் தச்சன் அறிவு திகைத்தான். “வாசப்படியில லட்சுமி கீறாக்கா. நல்ல நாளும் அதுவுமா அறுக்கச் சொல்றியே?”

எல்லோர் கண்ணும் பழக்கதோஷத்தில் விஜயராகவன் பக்கம் திரும்பின. அவர் தொண்டையைச் செருமினார். “வாசக்கால் அவங்க சொத்து. சங்கத்துக்கு இதுல வேலையில்ல. அவங்கதான் அனுமதி கொடுக்கணும்.”

ஆஹா! ஊரெல்லாம் அனுமதி கேட்டு அலைந்தவளிடம் இப்போது ஊரே அனுமதி கேட்கிறது. அன்புக்கரசி குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“லட்சுமியே வெளியில நின்னுக்கினு கீறாடா. அறு!”

மேளக்காரர் குஷியில் கெட்டிமேளம் கொட்ட, மரத்தூள் பறந்தது. படி பெயர்ந்து வந்தது.

“வலது காலை எடுத்து வச்சு வாம்மா,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் அன்புக்கரசி.

பொன்மணி சிரித்துவிட்டாள். “ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் வரும் அத்தை.”

“அப்போ ரெண்டு பங்கு அதிர்ஷ்டம்! வாடி என் ராசாத்தி!”

யாரும் தொடவில்லை. பொன்மணி தானே உள்ளே வந்தாள்.