பாதி விமானம்

புருஷன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வருகிறவர்கள் நகையோடு வருவார்கள், துணிமணியோடு வருவார்கள். என் அக்கா பாதி விமானத்தோடு வந்தாள்.

குளியல் துண்டைப் பிரித்தால் உள்ளே பிளாஸ்டிக் பொம்மை விமானத்தின் இடது பக்க உடம்பு மட்டும் கிடந்தது. பட்டாணித் தோலைப் பிளந்தது போல மூக்கில் பாதி, வாலில் பாதி.

"இது எதுக்குக்கா?" என்றேன்.

"எல்லாத்துலயும் பாதி பாதின்னு பேச்சு. தட்டுல பாதி, நாற்காலியில பாதி, தலையணையில பாதி. இதுலயும் என் பங்கு எனக்கு வேணும். எட்டு வருஷமா அந்தப் பசை நாத்தத்த நானும்தான் மோந்தேன்."

"பாதிய வச்சு என்ன பண்ணுவ?"

"குப்பையில போடுவேன். உனக்கென்ன?"

எனக்கென்னவா? அந்த விமானம் நானும் மச்சானும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்தது. மச்சான் என்றால் இவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நான் அவர் வீட்டுப் பின்னறையில் இருப்பேன். பிளாஸ்டிக்கை ஒட்டுவது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது அவர் வேலை. நான் பெயின்ட் டப்பாவைத் திறந்தால் விமானத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பெயின்ட் இருக்கும். பித்தளை வேலை என்னுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் ஃப்ரேமுக்குத் திருகாணி போடுகிற கை இது. மச்சானின் விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம்.

பித்தளை வேலை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் சாமான்கள் தடித்தடியாக இருக்கும். அது பிடிக்காத எங்களைப் போன்ற கிறுக்கர்களுக்காக உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு தனியாக விற்கிறான். ஃபோட்டோ எட்ச் என்று பெயர். விமானி இழுக்கிற நெம்புகோல், மிதிக்கிற மிதி, கட்டுகிற பெல்ட், பெல்ட்டுக்குக் கொக்கி என்று எல்லாவற்றையும் மருந்தில் அரித்து அதில் செதுக்கியிருப்பான், அவன் கட்டையில் போக! அடுப்பில் காட்டி இளக்கி, பிளேடால் வெட்டி, இடுக்கியால் மடித்து, குண்டூசி முனையில் பசை தொட்டு ஒட்டவேண்டும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் "ட்டிங்" என்று பறந்துவிடும். அப்புறம் தரையில் தவழவேண்டியதுதான்.

இதற்கு ஒரு ஆள் துணை வேண்டும் என்பதில்லை. ஆனால் எனக்கு வேண்டும். கல்யாணம் ஆகாதவன், கடையில் எவனோடும் ஒத்துப்போகாதவன், மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன். மச்சானைத் தவிர எனக்கு வேறு சிநேகிதன் கிடையாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால், இருவரும் நல்லவர்கள், ஒரே கூரைக்கு ஆகாதவர்கள், அவ்வளவுதான். அக்கா மூன்று பேர் பேச்சைப் பேசுவாள். மச்சானிடம் ஒன்று கேட்டால், கடைசி மாடியிலிருந்து லிஃப்ட் இறங்கி வருகிற நேரம் ஆகும் பதில் வர. வந்தாலும் "ம்" என்று வரும்.

வந்த அன்றைக்கே அக்கா சட்டம் போட்டுவிட்டாள். "இனிமே அவன் வீட்டுக்குள்ள கால வச்சே, அக்கான்னு ஒருத்தி இருக்கிறதையே மறந்துடு."

"ஞாயித்துக்கிழமை மட்டும்..."

"ஞாயித்துக்கிழமையும் கிழமைதான்டா."

குப்பையில் போடுவேன் என்றவள் போடவில்லை. அலமாரி மேல் வைத்தாள். நான் மெல்ல எடுத்து என் மேசைக்குக் கொண்டுவந்தேன். மடிப்பதற்காக வாங்கி வந்திருந்த பித்தளைத் தகடு என்னிடம்தான் இருந்தது. சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருந்ததால், என் பாதிக்குள் வேலையை ஆரம்பித்தேன்.

பெல்ட் கொக்கியைப் பிடித்தபோது "ட்டிங்" என்றது. போச்சு! தரையில் விழுந்து டார்ச் அடித்தேன். வேக்குவம் கிளீனர் வாயில் பழைய சாக்ஸைக் கட்டி அறை முழுக்க உறிஞ்சிப் பார்த்தேன். சாக்ஸில் முடியும் தூசியும்தான் ஒட்டியிருந்தது. அந்தத் தகட்டுக்காரன் பரம்பரையையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா கதவோரம் நின்று பார்த்தாள். உள்ளே வந்தாள். குனியக்கூட இல்லை. என் முழங்கையில் ஒட்டியிருந்ததை நகத்தால் எடுத்து மேசையில் வைத்தாள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்ச?"

"இது என்ன புதுசா? வாராவாரம் நீ கிளம்பினப்புறம் அந்த ரூமப் பெருக்குறது யாரு? கிடைச்சதையெல்லாம் அவன் டப்பாவுல போட்டு வைப்பேன்."

"தொலைஞ்சது அடுத்த வாரம் டப்பாவுலயே இருக்கும். மச்சானுக்குக் கைராசின்னு நெனச்சோமே!"

"ராசியாம் ராசி. அவன் ஒரு நாளாவது கேட்டானா, இது எப்படி வந்துச்சுன்னு?" என்றாள். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வெறியோடு வேலை பார்த்தேன். விமானியின் இருக்கையைத் தகட்டிலிருந்து வெட்டி, மடித்து, முதுகுப் பக்க ஓட்டைகள் தெரிய நிறுத்தி, பெல்ட்டைத் தோளிலிருந்து தொங்கவிட்டேன். என் கையால் செய்ததில் அதைப் போல ஒன்று கிடையாது. சொந்தப் பெருமைதான், இருக்கட்டும்.

ஆனால் பாதி விமானத்தில் இருக்கையை வைத்துவிட்டு யாரிடம் காட்டுவது? அவர் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்றுதானே அக்கா சொன்னாள்? அவர் வேலை பார்க்கிற இடம் வீடில்லையே! இந்த வக்கீல் புத்தி வந்ததும், மறுநாள் மத்தியானம் விமானத்தைச் சாப்பாட்டு டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து எடுத்துப்போனேன்.

ஒரு பெரிய கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தார். கிரீஸ் வாடை, மோட்டார் இரைச்சல். என்னைப் பார்த்ததும் எழுந்தார். ஸ்பேனர் பையைத் திறந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார். உள்ளே வலது பாதி. எத்தனை நாளாகச் சுமந்துகொண்டு திரிகிறாரோ, மனுஷன்!

இரண்டையும் சேர்த்து அமுக்கினோம். மூடவில்லை. திருப்பி அமுக்கினோம். உள்ளே ஏதோ இடித்தது.

பிரித்துப் பார்த்தால், அவர் பாதியிலும் ஓர் இருக்கை! பெட்டியில் வந்த தடிமாட்டுப் பிளாஸ்டிக் இருக்கை. அதற்குக் காகித டேப்பை மெல்லிசாக வெட்டிப் பெல்ட் வேறு. எங்கள் வழக்கப்படி, அன்றைக்கு உடம்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் இருக்கையை வைக்கவேண்டும். இந்தத் தடவை உடம்பு இருவரிடமும் இருந்தது.

"உங்களோடத எடுங்க" என்றேன்.

"ஒட்டிட்டேன்."

"நானும்தான் ஒட்டிட்டேன். உங்களோடது கோணலா வேற இருக்கு. மண்ணாங்கட்டி மாதிரி இருக்கு மச்சான்!"

"நீ இல்லாம நான் செஞ்சா அப்படித்தான் இருக்கும், மாப்ள."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "அப்போ எதுக்குப் பிரிச்சீங்க? தட்டப் பிரிச்சீங்க, நாற்காலியப் பிரிச்சீங்க. நான் யாரு பங்குல வர்றேன்? அத யாராவது யோசிச்சீங்களா?" என்று கத்தினேன். மோட்டார் இரைச்சலிலும் எனக்கே என் குரல் அசிங்கமாகக் கேட்டது.

மச்சான் வெகுநேரம் கையைத் துடைத்தார். "உன்னத்தான் கேட்டேன்" என்றார்.

"என்ன?"

"பாதி பாதி பேசுறப்போ. தட்டெல்லாம் நீயே எடுத்துக்க, நாற்காலியெல்லாம் எடுத்துக்க, தம்பி மட்டும் ஞாயித்துக்கிழமை வரட்டும்னு கேட்டேன். அதுக்குத்தான் அவளுக்குக் கோவம். பொண்டாட்டி போறாளேன்னு ஒரு வார்த்த இல்ல, அவ தம்பிய மட்டும் கேக்குறியான்னா. நேரா உள்ள போயி இந்தப் பாதியத் தூக்கிட்டா."

எட்டு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். அதையும் பேசவேண்டியவளிடம் பேசாமல் என்னிடம் பேசுகிறார்.

"நீங்க ஒரு அடிமுட்டாள், மச்சான்" என்றேன்.

"தெரியும்."

வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே நின்றாள். "மூடுச்சா?" என்றாள்.

"எது?"

"நடிக்காத. டப்பாவுல விமானத்த வச்சு எடுத்துட்டுப் போனவன், டப்பாவுல இருந்த சாப்பாட்ட அடுப்பு மேடையில அப்படியே கொட்டி வச்சுட்டுப் போயிருக்க. அதக்கூட மறைக்கத் தெரியல."

இனி மறைத்து என்ன? "மூடல. ரெண்டு பேரும் சீட்டு வச்சுட்டோம்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒருத்தன் ஓட்டுற ப்ளேனுக்கு ரெண்டு சீட்டா! அடப்பாவிகளா! அடப்பாவிகளா!" தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு தடிமாடு, முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கையைத் தள்ளிவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எங்களுக்குள்ள ஆகல. அதுக்கு நீ என்ன பண்ணுவ? ஞாயித்துக்கிழமை போ, மூடிட்டு வா. ஆனா ஒண்ணு. அவன் எப்படி இருக்கான், சாப்பிட்டானா, தூங்குனானான்னு எங்கிட்ட வந்து சொல்லக்கூடாது. நானும் கேக்க மாட்டேன்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் உட்கார்ந்து, என் பித்தளை இருக்கையைப் பிளேடால் நெம்பி எடுத்தேன். எடுக்கும்போதே வளைந்து வீணாகிவிட்டது. "வேணாம் மாப்ள, என்னோடத எடுக்குறேன்" என்று மச்சான் பதறினார்.

"சும்மா இருங்க. உங்களோடது நல்லாத்தான் இருக்கு." அது பச்சைப் பொய்.

விமானம் மூடிக்கொண்டது. பசை காய்கிறவரை அவர் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன், அடுப்பின் மேல் தூசி படிந்திருந்தது.

திரும்பி வந்தபோது அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மூடியாச்சு" என்றேன்.

"யாரு சீட்டு?"

"அவரோடது."

"ம்" என்றாள், அவரைப் போலவே. அப்புறம் குழாயை மூடினாள். கழுவவேண்டிய பாத்திரம் இன்னும் நிறைய இருந்தது. கையில் ஒரு தட்டோடு அப்படியே நின்றாள், திரும்பவில்லை. நான் சத்தியம் செய்தவன். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

"ஏன்டா எருமை" என்றாள் கடைசியில், "ஒண்ணு சொன்னா அதையே பிடிச்சுக்கிட்டு நிப்பியா? சொல்லித் தொல."

"ரொம்ப இளைச்சுட்டாருக்கா" என்றேன்.

குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் அவள் அப்புறம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.