மார்லீன் பேரில் இருநூற்று நாற்பது கொலாச்சி

எங்கள் யங்ஸ்டவுன் பக்கம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பெண்ணின் கவுனைப் பார்ப்பதற்கு முன்னால் குக்கீ மேசையைத்தான் பார்ப்பார்கள். யார் யார் சுட்டுக் கொண்டுவந்தார்கள், யார் தட்டு முதலில் காலியானது, யார் தட்டைச் சீண்ட ஆளில்லை என்பதையெல்லாம் பத்து வருடம் கழித்தும் பேசுவார்கள். இரண்டு வீட்டுப் பெண்களும் மாதக்கணக்கில் சுட்டு ஃப்ரீசரில் அடுக்கிவைத்து, கல்யாணத்தன்று கொண்டுவந்து இறக்குவோம். மாப்பிள்ளையின் அம்மா செய்தது நடு மேசையில் இருக்கும். அது மரியாதை.

அந்த நடு மேசைக்கு வர வேண்டியதை நான் பாழாக்கினேன். என் ஒரே மகள் கியானாவின் கல்யாணத்துக்கு வர வேண்டியது அது. இப்படி எழுதும்போதே கை கூசுகிறது.

மாப்பிள்ளை லூகஸின் அம்மா மார்லீனை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். ஒரே சர்ச், ஒரே பெஞ்ச். எங்கள் பிள்ளைகள் காதலிக்கிறார்கள் என்று தெரிந்த அன்று, பெற்றவர்களுக்கு வர வேண்டிய கவலை எதுவும் இல்லாமல் நாங்கள் இருவரும் சின்னப் பெண்கள் மாதிரி போனில் கத்தினோம். நிச்சயமான மறு மாதமே அவளுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். ஆகஸ்ட் கல்யாணத்துக்கு அவள் இருக்க மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் எமில் பன்னிரண்டு டப்பாக்களை என் வீட்டு நிலவறை ஃப்ரீசரில் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் வீட்டு ஃப்ரீசர் முழுக்க அவர் வேட்டையாடிய மான்கறி. டப்பாவுக்கு இருபது என்று இருநூற்று நாற்பது கொலாச்சி. சதுரமாக வெட்டிய மாவில் வால்நட் பூரணம் வைத்து, எதிரெதிர் முனைகள் இரண்டையும் மடித்து அழுத்திச் சுடுவது. ஒவ்வொரு மூடியிலும் டேப் ஒட்டி, 'லூகஸ். நடு மேசை' என்று எழுதியிருந்தாள். அவளால் காரை விட்டு இறங்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கி, இருந்த குரலில் என்னை மிரட்டினாள்.

"எண்ணித்தான் குடுத்திருக்கேன் லொரெட்டா. ஒண்ணு குறைஞ்சாலும் மேல இருந்து எறங்கி வந்துருவேன். திருட்டுத் தீனி திங்காத."

"உன் கொலாச்சிய எவ திருடுவா? என் பிட்ஸெல் குக்கீயோட கால் தூசிக்கு வருமா அது?" என்றேன்.

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, எமில் ஓடிவந்து காரை எடுத்தார். மே பதினெட்டாம் தேதி அவளை அடக்கம் செய்தோம்.

கல்யாண வேலை நின்றுவிடவில்லை. கியானாவுக்கு வெறும் குக்கீ மேசை போதவில்லை, பார்க்க ஜாலியாக ஏதாவது வேண்டும். டோனட் சுவர் என்று ஒன்று சொன்னாள். பெரிய பலகையில் வரிசையாகக் குச்சி அடித்து, குச்சிக்கு ஒரு டோனட் மாட்டுவார்களாம். என் அக்கா சில்வியாவுக்கு அதைக் கேட்டதும் மூக்கு சிவந்துவிட்டது.

"சுவத்துல மாட்டுறதுக்கு அது என்ன செத்துப்போன தாத்தா போட்டோவா? திங்கிறதத் தட்டுல வைங்கடி."

"பெரியம்மா, அது ஃபன்."

"ஃபன்னு வேணும்னா உங்க பெரியப்பாவ மாட்டு. சும்மாதான் இருக்காரு."

இப்படியே ஜூன் முழுக்கப் போனது. சாக்லேட் ஊற்று என்றொரு யோசனை வந்து போனது. மிட்டாய் வண்டி வந்து போனது. எனக்கோ நம் மேசைக்கு நடுவில் இந்தக் கடைச் சரக்கு எதுவும் வரக் கூடாது.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி அடைமழை. நிலவறையில் கணுக்கால் வரை தண்ணீர். தண்ணீர் உறிஞ்சும் மெஷினை வாடகைக்கு எடுத்துவந்தேன். அங்கே இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட். ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினை மாட்டினேன். அரை மணி நேரம்தானே, ஃப்ரீசருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். தண்ணீரை இழுத்து முடித்து மெஷினைக் கழற்றிய நேரத்தில் மேலே போன் அடித்தது. ஏறி ஓடினேன்.

கியானாதான். டோனட் சுவர் வாடகைக்குக் கிடைக்கிறதாம், இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நாற்பது நிமிஷம் சண்டை. "உன் கல்யாணமா, கண்காட்சியா?" என்று நான் கேட்க, "உன் கல்யாணமா, என் கல்யாணமா?" என்று அவள் கேட்டாள். கடைசியில் லூகஸ் போனை வாங்கினான்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? கவுண்டி திருவிழாச் சந்தைக்குப் போனா அம்மா ராட்டினத்த விட்டு எறங்கவே மாட்டாங்க, ஞாபகம் இருக்கா? மரத்துல ஒரு குட்டி ராட்டினம் செஞ்சு தரேன். எட்டுக் கூடை. அம்மாவோட கொலாச்சி மட்டும் அதுல சுத்தி வரட்டும். கியானாவுக்கு ஃபன்னும் ஆச்சு, உங்களுக்கு நடு மேசையும் ஆச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று சொல்லிக்கொண்டே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் நெருங்கியதும் இறங்கிப் போய் அதைத் தூக்கி வந்து காரில் ஏற்றினேன். ஃப்ரீசரின் வயர் தரையில் கிடந்திருக்கும். பார்த்துத்தான் இருப்பேன். மண்டையில் உறைக்கவில்லை.

ஆகஸ்ட் ஏழாம் தேதி, கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு, டப்பாக்களை எண்ணிவைக்கலாம் என்று போய் மூடியைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அறைந்தது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். பச்சையும் சாம்பலுமாகப் பூசணம். மடிப்புகள் பிரிந்து, கோணல்மாணலாக, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒன்றாவது தேறாதா என்று பன்னிரண்டாவது டப்பா வரை பார்த்தேன். தேறவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். வலித்தது. அதனால் யாருக்கு என்ன லாபம்?

சொல்லிவிடுவது என்றுதான் அன்று சாயங்காலம் காரை எடுத்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். லூகஸ் கராஜில் இருந்தான். மூக்கில் சிவப்புப் பெயின்ட். என்னைக் கண்டதும் ராட்டினத்தை விரலால் தட்டிவிட்டான். எட்டுக் கூடைகளும் ஆடிக்கொண்டே மேலே போய் கீழே வந்தன.

"கூடைக்கு ஆறு வைக்கலாம் லொரெட்டா. அளந்து பாத்துட்டேன். தீரத் தீர நீங்க டப்பாலேர்ந்து போடுங்க."

சொல்ல வாயெடுத்தேன். "உங்கம்மா மாவுல என்னென்ன சேர்ப்பாங்க லூகஸ்?" என்றுதான் வந்தது.

"ஏன், கத்துக்கப் போறீங்களா?" அவன் முகம் மலர்ந்துவிட்டது. "கியானாவுக்குச் சொல்லிக் குடுக்கத்தானே? இருங்க, அம்மா எழுதி வச்ச அட்டை இருக்கு." அவனே தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பினான். "தேங்க்ஸ்" என்றும் சொன்னான். நானும் வாங்கிக்கொண்டேன். என்னைப் போல நெஞ்சழுத்தக்காரி இந்த ஊரில் இருக்க மாட்டாள்.

மறுநாள் காலை குப்பை வண்டி வரும் நாள். எல்லாவற்றையும் பைக்குள் பையாக மூன்று பை போட்டுக் கட்டித் தெருவில் வைத்தேன். வண்டி வந்து தூக்கிக் கவிழ்த்து நசுக்கும் வரை ஜன்னலோரம் நின்றேன். அது தெருமுனை திரும்பியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்து நாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு சுட்டேன். முதல் இரண்டு தட்டு சரியாக வரவில்லை. பிறகு கை பழகிவிட்டது. மடிப்பு பிரியக் கூடாது என்று முனையில் முட்டை தடவி ஒவ்வொன்றையும் ஒரே அளவாக அழுத்தினேன். இருநூற்று நாற்பது. அவளுடைய டப்பாக்களையே கழுவினேன். மூடியில் இருந்த அவள் கையெழுத்து நனையாமல் பார்த்துப் பார்த்துக் கழுவினேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஹாலின் சுவரோரம் முழுக்க மேசைகள், முப்பத்தெட்டு வகைக் குக்கீ. நடுவில் சிவப்பு ராட்டினம். அதன் அடியில் மார்லீன் சந்தையில் எடுத்துக்கொண்ட படம். சாப்பாடு முடிந்ததும் லூகஸ் போய் ராட்டினத்தைச் சுற்றிவிட்டு, நின்ற கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

"அம்மாவேதான்," என்றான். "எங்கம்மாவேதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். பாதிப் பேர் அழுதார்கள். அவன் நேராக என்னிடம் வந்து கட்டிக்கொண்டான். "நாலு மாசம் பத்திரமா வச்சிருந்து குடுத்தீங்களே," என்றான். பிறகு மெதுவாக, முதல் தடவையாக, "தேங்க்ஸ்ம்மா," என்றான்.

அம்மா. அந்தச் சொல்லையும் வாங்கிக்கொண்டேன். சில்வியா வேறு பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "ஃப்ரீசர்ல இருந்ததுன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப முடியாதுடி. நேத்து சுட்ட மாதிரி இருக்கு!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

அப்போதுதான் எமில் ராட்டினத்தின் பக்கம் போனார். ஒன்றை எடுத்தார். கடிக்கவில்லை. திருப்பிப் பார்த்தார். மடிப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்து அதையும் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பக்கத்து மேசைத் தட்டை நேராக்கினேன்.

"என்னப்பா, சாப்பிடலியா?" என்றான் லூகஸ்.

அவர் வாயில் போட்டு மென்று விழுங்கினார். "உங்கம்மா கைதான்டா," என்றார். "கேக்கணுமா?"

நான் கூடை நிரப்புகிற சாக்கில் ஹாலின் பின்பக்கச் சமையலறைக்குள் போய்விட்டேன். அவர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"எப்ப கெட்டுப்போச்சு?"

அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "ஜூலைல. தண்ணி எடுக்க பிளக்கப் பிடுங்கினேன். திரும்ப மாட்டல. வேற யாரும் காரணமில்ல எமில், நான்தான். மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல."

"ருசி சரியாத்தான் இருக்கு," என்றார். "மடிப்புதான் ரொம்ப அழகா இருக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் டப்பா மூடியில் இருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏப்ரல்ல அவளுக்கு விரல்ல பலமே இல்ல லொரெட்டா. மாவப் பிசைஞ்சுட்டு உக்காந்துட்டா. அத்தனையும் நான்தான் மடிச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் பிளம்பிங் பாத்த கை. 'குழாயவா முறுக்கற? மெல்ல அழுத்துய்யா'ன்னு ஒவ்வொண்ணுக்கும் திட்டினா. ரெண்டு நாள். மூணு வாட்டி எழுந்து வந்து என் கையப் புடிச்சு, கட்டைவிரல் மேல அவ கட்டைவிரல வச்சு அழுத்திக் காமிச்சா. அப்பவும் பாதி வாயத் தொறந்துட்டுதான் கெடந்துச்சு. பையன்கிட்ட சொல்லாத, நானே செஞ்சதா இருக்கட்டும்னா. சரின்னேன்."

வாயைப் பிளந்துகொண்டு கிடந்தவை என் கண்முன் வந்தன. உருகிக் கெட்டதால் அப்படி ஆகிவிட்டன என்று நான் நினைத்திருந்தேன்.

"நீ சொல்லாத," என்றார். "அவன் சந்தோஷமா இருக்கான். நானும் சொல்ல மாட்டேன்."

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதவில் கை வைத்தபடி நின்றார்.

"ஒண்ணாச்சும் எடுத்து வச்சிருக்கியா? பூசணம் புடிச்சதா இருந்தாலும் பரவால்ல. திங்கக் கேக்கல."

"இல்ல எமில்."

"ஒண்ணுகூடவா?"

"எல்லாத்தையும் குப்பை வண்டில போட்டுட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

திட்டியிருக்கலாம். ஓங்கி ஒரு அறை கொடுத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர், "அப்டியா," என்றார். பிறகு இரண்டு கையையும் நீட்டி, "சரி, அந்த டப்பாவக் குடு. கூடை காலியாயிருக்கும்," என்றார்.

கொடுத்தேன். அவர் திறந்துவிட்டுப் போன கதவு வழியாகப் பார்த்தேன். அவர் ராட்டினத்துக்குப் பக்கத்தில், மகனை ஒட்டி நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒன்றை வைத்து, "எங்க மார்லீன் செஞ்சது, சாப்பிடுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.