விளக்குமாற்று ஈர்க்கு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலை ஒட்டிய திண்ணையான இஸ்தோப்பில் வெயில் விழுந்த இடத்தில் என் தங்கை சுலக்ஷனா தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, தேங்காயெண்ணெயில் தோய்த்து, அவள் வலது காது மடலில் இருந்த ஓட்டையில் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். மறுபக்கம் வந்துவிட்டது.

"இன்னும் தூரலடி."

"மூணு மாசமாச்சேக்கா. ஒன் மொகத்துக்குப் பயந்தாவது தூரக் கூடாதா அது?"

இருவரும் சிரித்தோம்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்தபோது தோட்டு ஓட்டைக்கு மேலே அவள் குத்திக்கொண்ட இரண்டாவது ஓட்டை அது. கல்யாணமான பிறகு அவள் புருஷன் துஷாந்துக்கு அது கண்ணை உறுத்தியது. யாரோடு போய்க் குத்தினாய் என்று கேட்டு இரண்டு தடவை அடித்திருந்தான். கூட வேலை செய்த தனுஷிகாவோடு போனேன் என்று அவள் சொன்னதை அவன் நம்பவில்லை. தீபாவளிக்கு வலப்பனையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போவதற்குள் ஓட்டை தூர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

வாராவாரம் நான்தான் பார்ப்பேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அப்படித்தான் பார்ப்பார்கள். ஈர்க்கு போகாவிட்டால் தூர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

உள்ளே சோறு பொங்கி வழிந்தது. ஈர்க்கை அவள் காதிலேயே விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவள் அடுத்த வீடான தன் காம்பிராவுக்குப் போயிருந்தாள். எங்கள் இரண்டு காம்பிராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

"காதுல என்னடி அது?" என்று துஷாந்தின் குரல் கேட்டது.

"தூந்துருச்சான்னு அக்கா பாத்துச்சு. எடுக்க மறந்துட்டேன்."

"பச்சப்புள்ளைக்குக் காது தூந்துறக் கூடாதுன்னுதான்டி ஈர்க்கு போடுவாங்க. நீ எவனுக்காகடி தொறந்து வச்சிருக்க?"

சுவரில் அவள் தலை மோதியது. மறுபடியும் மோதியது. எங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

நான் ஓடிப் போனபோது அவன் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. மறுநாள் தேயிலை வெட்டுக்காகக் காலையில்தான் தீட்டி வைத்திருந்தான். அவள் நெற்றியிலிருந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

"நான்தான் வச்சேன் தம்பி! நான்தான்!" என்று அவன் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

"தள்ளுங்க மதினி."

அப்போதும் மதினி என்றுதான் சொன்னான். மற்றக் கையால் என் தோட்டைப் பிடித்து இழுத்தான். காது கிழிந்து தோடு அவன் விரலோடு போயிற்று. நான் கீழே விழுந்தேன். கத்தி அவள் கழுத்தை நோக்கி மூன்று தடவை இறங்கியது. முதல் இரண்டு தடவையும் அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். மூன்றாவது தடவை தூக்கவில்லை.

தோட்டத்து லொறியில் ஏற்றினோம். டயகம சந்தியைத் தாண்டுமுன் என் மடியிலேயே அடங்கிப் போனாள்.

ஆஸ்பத்திரியில் என் காதைத் தைத்தார்கள். டாக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழ் நேர்ஸ் ஒருவர் எனக்குச் சொன்னார். "காயம் ஆறுறவரைக்கும் கை வைக்காதீங்க. தோடு வேணும்னா அப்புறமா பக்கத்துல புதுசாக் குத்திக்கலாம்."

"ஒரு ஓட்டை தூரணும்னா என்னா செய்யணுங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"சும்மா விடணுங்க. குச்சிய விட்டு நோண்டிக்கிட்டே இருந்தா எப்புடித் தூரும்?"

அதுவரை எனக்கு அது தெரியாது.

வழக்கில் ஈர்க்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள். துஷாந்த் சிறையில் இருக்கிறான். என் காதில் இப்போது ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். மறுபடி குத்திக்கொள்ளவில்லை.

அடக்கத்தன்று சவப்பெட்டியை மூடுமுன் நான்தான் அவள் முகத்தைத் துடைத்தேன். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். ஈர்க்கை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த ஓட்டை திறந்தேதான் இருந்தது.