பத்தொன்பது உத்திராடங்கள்

"ரெண்டு நாள் தள்ளிப் பொறந்தேன்னு சொன்னா என்னடி குறைஞ்சு போயிடும் உனக்கு?"

பங்கஜம் தோசைக்கல்லைப் பார்த்தபடியே கேட்டாள். மகளின் பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டு நாள் எதுக்கும்மா? பொய்தானே, ஒரு நாள் போதாதா?" என்றாள் ஜலஜா.

"ஒரு நாள் தள்ளினா பூராடம். தாலிக்கு ஆகாதும்பா. ஒரு நாள் முன்னாடின்னா கேட்டை, மூத்த மச்சினனுக்கு ஆகாது. அந்தப் பிள்ளைக்கு அண்ணா இருக்கான். அதான் உத்திராடம். தரகர் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சொல்றார்."

கூடத்தில் ஸ்ரீனிவாசராகவன் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். பெண்ணின் கல்யாணப் பேச்சு வந்தால் அவர் செய்கிற ஒரே காரியம் அதுதான்.

ஜலஜாவுக்கு இருபத்தெட்டு வயது. பி.எஸ்ஸி., பி.டி. மாம்பலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தாள். அவள் பிறந்தது மூல நட்சத்திரத்தில். மூல நட்சத்திரக்காரி மருமகளாக வந்தால் மாமனார் வருஷம் தாங்க மாட்டார் என்பது ஊரறிந்த சேதி. இதுவரை நான்கு மாமனார்கள் அவளிடமிருந்து தப்பித்திருந்தார்கள்.

"அடையாறுக்காரா ஞாயித்துக்கிழமை வரா. நல்ல மனுஷா. பிள்ளையோட அப்பாவுக்குக் கொஞ்சம் ரத்தக் கொதிப்பு, அதான் பயப்படறார். நீ வாயைத் திறக்காம இருந்தாப் போறும்" என்றாள் பங்கஜம்.

வாயைத் திறக்காமல் இருப்பது ஜலஜாவுக்குக் கஷ்டமே இல்லை. ஆசிரியைகள் அறையில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது பேசினால் மட்டும் பதில் சொல்கிறவள் அவள். தோசையைத் தின்றுவிட்டு எழுந்தாள். ரயில்வே கேட் மூடுவதற்குள் போக வேண்டும்.

அந்த வருஷம் அவள் எம்.எட். பட்டத்துக்காக ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்குப் புத்தகத்தில் உள்ளபடி பாடம். 'பி' பிரிவுக்கு அதே பாடம், ஆனால் கேள்விகளோடு. இது உனக்கு எப்படித் தெரியும்? நீயே பார்த்தாயா, யாரோ சொன்னார்களா? வேறு காரணம் இருக்க முடியாதா? வருஷக் கடைசியில் எந்தப் பிரிவு நன்றாக யோசிக்கிறது என்று பார்க்க வேண்டும். "உனக்கு எந்த விடை வேணும்னு பொண்ணுகளுக்குத் தெரியவே கூடாது" என்று மட்டும் பேராசிரியர் எச்சரித்திருந்தார்.

கடைசிப் பயிற்சியாக, வீட்டில் எல்லோரும் நம்புகிற ஏதாவது ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம் என்றாள் ஜலஜா. இரண்டாவது பெஞ்சிலிருந்து சுப்புலக்ஷ்மி எழுந்தாள்.

"டீச்சர், மூல நட்சத்திரப் பொண்ணு வந்தா மாமனார் செத்துப் போயிடுவார்ங்கறாளே, அதைப் பார்க்கலாமா? எங்க அக்கா மூலம். ஆத்துலயே உக்காந்திண்டிருக்கா."

ஜலஜா சாக்பீஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். தன் நட்சத்திரத்தை அவள் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

"எப்படிப் பார்ப்பே?" என்று மட்டும் கேட்டாள்.

"மூலப் பொண்ணுகளோட மாமனார் எத்தனை பேர் செத்திருக்கான்னு கேட்டு எழுதலாம்."

"அது மட்டும் போதுமா டீச்சர்?" என்று ஐரின் எழுந்தாள். சாந்தோமிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் அவள். "எங்க வீட்டுல நட்சத்திரமே பார்க்கறதில்லை. எங்க தாத்தாவும் செத்துத்தானே போனாரு? மத்த நட்சத்திரத்துக்காரங்க வீட்டையும் கேட்கணும். அப்பதான் ஒப்பிட முடியும்."

முப்பத்தாறு பெண்கள். ஆளுக்கு ஆறு கல்யாணமான பெண்மணிகளைக் கேட்டு வருவது என்று முடிவாயிற்று. பெயர் எழுதக் கூடாது. நட்சத்திரமும், கல்யாணமான ஒரு வருஷத்துக்குள் மாமனார் இறந்தாரா என்பதும் மட்டும் போதும். ஐரின் மட்டும் தன் ஆறு பேரைப் பள்ளிக்கூடத் தெருவிலேயே கேட்டாள்.

ரெண்டு நாள் தள்ளிப் பிறக்கும்படி பங்கஜம் கேட்ட அன்றுதான் கணக்குகள் வந்து சேர்ந்தன. ஜலஜா கரும்பலகையில் இருபத்தேழு நட்சத்திரங்களையும் எழுதினாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கோடு போட்டார்கள்.

"மொத்தம் இருநூத்திப் பதினாறு. நட்சத்திரத்துக்கு எத்தனை பேர் வரணும்?"

"எட்டு டீச்சர். ஒண்ணு ரெண்டு கூடக் குறைய வரலாம்."

ரோகிணி ஒன்பது, சித்திரை ஏழு, திருவோணம் பத்து. எல்லாம் எட்டைச் சுற்றியே இருந்தன. ஆகாது என்று பெயரெடுத்த கேட்டையும் பூராடமும் ஆயில்யமும் ஒவ்வொன்று. மூலத்துக்கு எதிரே ஒரு கோடு கூட இல்லை. உத்திராடத்துக்கு எதிரே பத்தொன்பது.

மாமனார் கணக்கை மறந்து வகுப்பு சிரித்தது. "உத்திராடத்துல மழை மாதிரிப் பொறந்திருக்கா" என்று யாரோ சொன்னார்கள்.

சுப்புலக்ஷ்மி மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர், மூலத்துல பொறக்கறது எல்லா நட்சத்திரம் மாதிரிதானே? கல்யாணத்துக்கு அப்புறம் அவாள்ளாம் எங்கே போனா?"

அவளே மறுபடி கணக்குப் போட்டாள்.

"பாதிப் பேர் எங்க அக்கா மாதிரி ஆத்துல இருப்பா. ஆனா எட்டுப் பேரும் அதுல அடங்கிட மாட்டா. மீதிப் பேர்..." அவள் கை தானாக உத்திராடத்தைக் காட்டியது.

ஜலஜாவின் காதில் காலையில் தோசைக்கல் சத்தத்தோடு கேட்ட குரல் மறுபடி கேட்டது. விடை அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. மணி அடித்தது.

அன்று மாலை அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டதை வீட்டில் செய்து காட்டினார்கள். "அம்மா, நீ நெஜமாவே உத்திராடமா?" என்று அம்மாக்களின் மாமியார்களுக்கு எதிரிலேயே கேட்டார்கள். ஒரு வீட்டில் மாமனார் பரணிலிருந்து மருமகளின் ஜாதகத்தை இறக்கச் சொன்னார். இன்னொரு வீட்டில் மாமியார் நேராகச் சமையலறைக்குப் போய், இனி நீ விளக்கேற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வீட்டுப் பெண் மறுநாள் கண் வீங்கி வகுப்புக்கு வந்தாள்.

ஜலஜா அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெயர் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த அவளுக்கு, பெண்கள் தங்கள் அம்மாவையே கேட்பார்கள் என்பது தோன்றவில்லை.

பள்ளி வாசலில் ஆயா மறித்தாள். "இன்னா டீச்சர், ஊரையே கலக்கிட்டியாமே! என்னை இன்னாத்துக்குக் கேக்கல? எனக்குப் பொறந்த நாளே தெரியாது, நட்சத்திரம் எங்க தெரியும்? ஆனா மாமனாரு பூட்டாரு. சாராயத்துல." அவளே சிரித்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள். "பெரிய டீச்சர் உன்னைத் தேடிக்கினு கீது. ஜாக்கிரதை."

சனிக்கிழமை மாலை, பள்ளியின் தாளாளர் அய்யாதுரை ஜலஜாவைத் தியாகராய நகரில் இருந்த தன் வீட்டுக்கு வரச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்து, சொந்தப் பணத்தில் பெண்களுக்காகப் பள்ளிக்கூடம் கட்டியவர். நல்லவர் என்றுதான் பெயர். தலைமையாசிரியை ஃப்ளோரா முன்னதாகவே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன டீச்சரம்மா, பிள்ளையளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கச் சொன்னா, வீட்டுக்கு வீடு சண்டையில்லா மூட்டி விட்டிருக்கிய?" என்று ஆரம்பித்தார் அய்யாதுரை. "நேத்து மட்டும் ஏழு பேரு கடைக்கே வந்துட்டாவ. எங்க வீட்டு மருமவளும் உத்திராடந்தான். அவளையும் நாலு பேரு சந்தேகமாப் பாக்கணுமா?"

அவரே தொடர்ந்தார்.

"திங்கக்கிழமை பிரேயர்ல மைக்ல சொல்லிருங்க. கணக்குத் தப்பாப் போச்சு, அம்புட்டுதான். இல்லாட்டி இந்த ஆராய்ச்சியும் வேண்டாம், உங்க வேலையும் இந்த மாசத்தோட சரி. டெம்பரவரிதான?"

"சரின்னு சொல்லு ஜலஜா" என்றார் ஃப்ளோரா மெதுவாக. "உன் படிப்பு பாழாகக் கூடாதும்மா."

ஜலஜா ஃப்ளோராவை விட்டு அய்யாதுரையைப் பார்த்தாள்.

"கணக்கு தப்பில்லை சார்."

"அப்பம் பத்தொம்பது பேரும் பொய் சொல்லுதாவளா?"

"பத்தொன்பதும் இல்லை. ஒரு எட்டுப் பேர் நிஜமாவே உத்திராடமா இருக்கணும்."

"அதுக்கு என்ன ருசு இருக்கு உங்ககிட்ட?"

"இல்லை சார்" என்றாள் ஜலஜா. உண்மை அதுதான். "கணக்கை வெச்சுச் சந்தேகப்படத்தான் முடியும். யாராவது ஒருத்தர் வாயால சொன்னாத்தான் ருசு."

"யாரு சொல்லுவா? எவளாவது சொல்லுவாளா?" அய்யாதுரை சிரித்தார்.

"நான் சொல்லுதேன் மாமா."

மருமகள் புஷ்பம் காபித் தட்டோடு நின்றாள். மாமனார் பக்கத்தில் தம்ளரை வைத்தாள். அவர் வழக்கம்போல எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"நான் மூலம்."

தம்ளர் அந்தரத்தில் நின்றது.

"என்னைப் பெத்த அய்யா சாத்தூர்ல ஒரு ஜோசியரைப் பிடிச்சு மாத்தி எழுதினாவ. நான் வந்து பதினோரு வருஷம் ஆச்சு மாமா."

அய்யாதுரை தம்ளரைக் கீழே வைத்தார். வலது கை தானாகப் போய் இடது மார்பைத் தொட்டது. பதினோரு வருஷமாக ஒன்றும் செய்யாத மார்பு அந்த நிமிஷத்தில் வலிப்பதுபோல இருந்தது.

"பயப்படாதிய" என்றாள் புஷ்பம். "நேத்தும் நான்தான் காபி போட்டேன்."

ஃப்ளோரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏட்டி, என்ன தைரியத்துல..." அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"நீங்க குடுத்த தைரியந்தான். என் மவ பொறந்தப்போ ஆசுபத்திரி வராந்தாவிலேயே பஞ்சாங்கம் பாத்து, மூலம்னு எழுதாதிய, உத்திராடம்னு எழுதுங்கன்னு ஜோசியர்கிட்ட நீங்கதான சொன்னிய? எங்க அய்யா செஞ்சதையே நீங்களும் செஞ்சிய. ரெண்டு பேருமே பிள்ளை மேல உள்ள பிரியத்துலதான் செஞ்சிய. அவளுக்கு ஒம்பது வயசு. அவளும் என்னை மாதிரி, மாமனாருக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட உள்ளுக்குள்ள செத்துச் செத்துப் பொழைக்கணுமா மாமா? போன வருசம் உங்களுக்கு டைபாய்டு வந்தப்போ நான் பதினாறு நாள் தூங்கல."

அய்யாதுரை எழுந்து கூடத்துக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்:

"இது இந்த நாலு சுவத்தத் தாண்டக் கூடாது. திங்கக்கிழமை நான் சொன்னபடிதான். கணக்குத் தப்புன்னு சொல்லணும்."

தெருவுக்கு வந்த பிறகு பின்னால் செருப்பில்லாத காலடி கேட்டது. புஷ்பம் ஓடி வந்திருந்தாள்.

"டீச்சர், பள்ளிக்கூடத் தெருவுல உங்க பிள்ளை ஒண்ணு கேட்டப்போ நானும் உத்திராடம்னுதான் சொன்னேன், கணக்குல என்னை மூலத்துக்கு மாத்திக்கிடுங்க. பேரு வேண்டாம்." இரண்டடி திரும்பி நடந்தவள் நின்றாள். "யாராச்சும் கேட்டா, பேரையும் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அடையாறுக்காரர்கள் வந்தார்கள். பிள்ளையின் அப்பா சொஜ்ஜியை ஓரமாக ஒதுக்கிவிட்டு பஜ்ஜியைச் சாப்பிட்டார். "பொண்ணு உத்திராடந்தானே?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"மூலம்" என்றாள் ஜலஜா.

அவர்கள் கோபப்படவில்லை. காபியைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். பங்கஜம் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் கொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்ரீனிவாசராகவன் பேப்பரைக் கீழே வைத்தார்.

"சொஜ்ஜி வேண்டாம்னு ஒதுக்கினாரே, ரத்தக் கொதிப்போட சக்கரையும் இருக்கும் போலிருக்கு. பஜ்ஜியை மட்டும் ஒன்பது தின்னார்" என்றார். "பாவம், மூலத்துக்கு வேலையே வெக்க மாட்டார்."

உள்ளே குழாய் நின்றது. ஜலஜா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை. பெண்கள் வகுப்பு வாரியாக நின்றார்கள். மேடையில் அய்யாதுரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தான் சொன்னது நடக்கிறதா என்று பார்க்கவே கடையை விட்டு வந்திருந்தார். ஆறாம் வகுப்புப் பெண்கள் நின்ற இடத்துக்குப் பின்னால், மதில் ஓரமாக, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு புஷ்பம்.

ஃப்ளோரா பெயரைச் சொன்னார். ஜலஜா மைக்கின் முன் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் மைக்கில் பேசியதே இல்லை. அது அவள் மூச்சைப் பெரிதாக்கி மைதானம் முழுக்கக் கேட்க வைத்தது.

"ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு போன வாரம் ஒரு கணக்கு எடுத்தது. அதில் ஒரு தப்பு இருப்பதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்."

அய்யாதுரை தலையை ஆட்டினார்.

"தப்பு இருப்பது உண்மைதான். மூல நட்சத்திரத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தோம். அது தவறு. ஒன்று. உத்திராடம் பத்தொன்பது இல்லை, பதினெட்டு. அந்த ஒருவருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அவருடைய மாமனார் சுகமாக இருக்கிறார்."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் இந்தக் கணக்கில் நான் சேர மாட்டேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நானும் மூலம்."

ஒன்பதாம் வகுப்பு வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வெள்ளிக்கிழமை கண் வீங்கி வந்த பெண்ணின் கை அது.

"ரெண்டு, டீச்சர். எங்கம்மா சொல்லச் சொன்னாங்க."

வரிசையின் கடைசியில் இன்னொரு கை எழுந்தது.

"மூணு."

அய்யாதுரை மேடையில் உட்கார்ந்திருந்தார். கை மார்பின் மேல் இருந்தது. அந்த மார்பு நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.