புகார் உள்ள இல்லம்

பினாயில் வாசனை வந்தாலே எனக்குக் கோபம் வரும். குழந்தைகள் இல்லத்தைப் பார்வையிட நாம் போகிற அன்று, அந்த வாசனைதான் முதலில் வாசலுக்கு வந்து நிற்கும். உள்ளே பிள்ளைகள் எண்ணெய் வழியத் தலைவாரி வரிசையில் நின்று, தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று ஒரே குரலில் ஒப்பிக்கும். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாகவே காலம் தள்ளியவள் நான். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற அன்று மட்டும் நாங்கள் எப்படிப் படுக்கை விரிப்போம் என்று எனக்குத் தெரியாதா? என்னிடம் இந்த வேஷமெல்லாம் செல்லாது.

ஓய்வு பெற்றதும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் என்னையும் ஓர் உறுப்பினராகப் போட்டார்கள். கவனிக்க ஆளில்லாத பிள்ளைகளை அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்ட பிள்ளைக்குச் சோறும் துணியும் படிப்பும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்த்து அதே அரசாங்கத்திடம் சொல்வது எங்கள் வேலை. ஷோபனா மேடம் வருகிறாள் என்றால் பாதி வார்டன்களுக்கு முதல்நாள் ராத்திரி தூக்கம் வராது என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் எழிலரசன் ஓசூரில் குடும்பமாக இருக்கிறான். செஞ்சியில், கோட்டையின் கிருஷ்ணகிரிக் குன்றைப் பார்த்த மாடி வீட்டில் நான் மட்டும். பேச ஆள் இல்லாத வீட்டில் இருப்பவளுக்கு, யாராவது நம்மைப் பார்த்து நடுங்கினால்கூட ஒரு துணை கிடைத்த மாதிரி இருக்கிறது.

குழுவில் ஒரு விதி. புகார் இல்லாத இல்லத்துக்கு வருஷத்துக்கு ஒரு முறை போனால் போதும். புகார் வந்துவிட்டால் அது தீருகிறவரை மாதாமாதம் போகவேண்டும். போனால் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக, ஊழியர்கள் காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்து பேசவேண்டும். நல்ல விதி. அதற்காக நானே கூட்டத்தில் சண்டை போட்டிருக்கிறேன்.

சிங்கவரம் போகிற சாலையில் இருக்கும் பெண் குழந்தைகள் இல்லத்துக்கு ஜூன் மாதம் போனேன். கண்காணிப்பாளர் மீனம்பாள் கறாரான ஆள், சிரித்து நான் பார்த்ததில்லை. சமையலுக்கு வசந்தா. சிங்கவரத்துக்காரி, சைக்கிளில் வந்து போகிறவள். பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் புங்கமரத்தடிக்கு அழைத்துப் பேசினேன். எல்லாரும் ஒப்பித்ததையே திரும்ப ஒப்பித்தார்கள். கடைசியாக நிலா வந்தாள். ஆறாவது படிக்கிறாள், பனமலைப் பக்கம். அம்மா இல்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பா போனவர் போனவர்தான்.

அவளிடமும் வழக்கமான கேள்விகளைத்தான் கேட்டேன். ராத்திரி தூக்கம் வருகிறதா, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா. ஒவ்வொன்றுக்கும் யோசித்து, நீட்டி முழக்கிப் பதில் சொன்னாள். பக்கத்தில் உட்காருகிற வளர்மதி வீட்டு ஆடு குட்டி போட்டதுவரை சொன்னாள். எனக்கும் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. எழுந்தபோது, இனி எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். குறை ஒன்றும் இல்லையே, இனி அடுத்த வருஷம்தான் என்றேன். அவள் கீழே கிடந்த புங்கங்காயைக் காலால் உருட்டிக்கொண்டே, ராத்திரியில் சோறு பத்தவில்லை என்றாள்.

நான் திரும்ப உட்கார்ந்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லாரும் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்க, ஒரு பிள்ளைக்காவது தைரியம் வந்ததே என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

ஜூலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நேரே சமையல்கட்டில் நுழைந்தேன். அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் அளவில் சரியாக இருந்தன. வசந்தாவை நிற்க வைத்துக் கேட்டேன். குறைத்துப் போட்டு எனக்கு என்ன லாபம், மிஞ்சினால் மாட்டுக்குத்தானே போகிறது என்றாள். வாய் நீளம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மரத்தடியில் நிலாவோடு ரொம்ப நேரம் பேசினேன். இன்னும் பத்தவில்லை என்றுதான் சொன்னாள். கண் இமையை இழுத்துப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். ரத்தம் நன்றாகத்தான் ஓடுகிறது. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுவதால் தாக்குப்பிடிக்கிறாள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். கவலைப்படாதே, அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும், அப்புறம் நான் இப்படி வந்து தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்டில் போனபோது நிலா வேறொன்று சொன்னாள். வசந்தா தன்னை சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டினாளாம். இது சோறு விஷயம் மாதிரி இல்லை. அன்று சாயங்காலமே குழுத் தலைவர் நெடுமாறனுக்குப் போன் போட்டேன். அவர் வக்கீல் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். விசாரணை முடிகிறவரை வசந்தா வேலைக்கு வரக்கூடாது என்று மறுநாளே உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வசந்தாவுக்குப் பதிலாக அனந்தபுரத்திலிருந்து வந்து சமைக்கிற அம்மாள் தினமும் வரத் தொடங்கினாள்.

அந்த மாதம் எனக்கு ஒரு நிமிர்வு வந்திருந்தது. கடைத்தெருவில் நடக்கும்போதுகூட நிலா அடுத்த முறை என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே போவேன். அவளிடம் கேட்கவேண்டிய கேள்விகள் மனதில் சேர்ந்துகொண்டே இருக்கும். செப்டம்பர் எப்போது வரும் என்று இருந்தது.

செப்டம்பரில் மரத்தடிக்கு வந்த நிலாவைப் பார்த்ததும் திக்கென்றது. கன்னம் ஒட்டியிருந்தது. முடி கொட்டிச் சிக்குப் பிடித்துக் கிடந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவள்தான் கேட்டாள்.

"வசந்தாக்கா எப்ப வரும் மேடம்?"

பூட்டி வைத்தவளை எதற்குத் தேடுகிறாய் என்றேன். உன்னை யாராவது மிரட்டினார்களா, மாற்றிச் சொல்லச் சொன்னார்களா என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அழுகையோடு வந்தது.

"அது பூட்டல மேடம். சோறும் நெறையத்தான் போடும், வேணாம்னாலும் போடும். எல்லாருக்கும் ஞாயித்துக்கெழம யாராச்சும் பாக்க வர்றாங்க. எனக்கு நீங்க மட்டுந்தான் வர்றீங்க. கொற இல்லன்னா அடுத்த வருசந்தான் வருவேன்னு சொன்னீங்க இல்ல."

எத்தனையோ வார்டன்களின் பொய்யைப் பிடித்தவள், இந்தச் சின்னப் பெண்ணின் பொய்க்கு நான்தான் காரணம் என்பது தெரியாமல் மூன்று மாதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள்மேல் கோபம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ஓரத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தி பொய் சொல்லியிருக்கிறாள். அந்தச் சந்தோஷம் வந்த உடனேயே வசந்தாவின் முகமும் வந்தது. புருஷன் இல்லாதவள், சொந்த நிலம் கிடையாது, இந்தச் சமையல் வேலையை விட்டால் கடலைக் கொல்லையில் கூலிக்குத்தான் போகவேண்டும்.

உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று நிலாவிடம் சொன்னேன். உன் பெயர் வெளியில் வராது, வசந்தாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் இனி வரமாட்டீர்கள்தானே என்று கேட்டாள். இந்த முறை தைரியம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாட்டேன் என்றேன்.

விழுப்புரத்தில் குழு கூடியது. புகார் நிற்காது, வசந்தா மீது தப்பில்லை என்று சொன்னேன். நெடுமாறன் சார் நம்பவில்லை. அவர் நம்பாததும் நியாயம்தான். பிள்ளைகள் புகாரைத் திரும்பப் பெற்றால் யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அதை எனக்கு அடிக்கடி சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மிரட்டல் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று விடாமல் கேட்டார். எனக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

"என்னைப் பார்க்கணும்னு சொல்லியிருக்கா சார். புகார் இருந்தாத்தான நான் போவேன்."

மேஜைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் எனக்குக் காது சுட்டது. பார்க்க யாரும் வராத பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வர யாரையாவது ஏற்பாடு செய்யவேண்டும், சோறு துணி மாதிரி இதுவும் அரசாங்கம் பார்க்கவேண்டியதுதான் என்று சொன்னேன். நல்ல யோசனை, நிதி ஒதுக்கீடு வரும்போது பேசலாம் என்றார்கள். டீ வந்தது.

வசந்தாவைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ள அன்றே முடிவாயிற்று. கூடவே இன்னொன்றும் முடிவாயிற்று. உறுப்பினர் ஒருவர்மேல் பிள்ளைக்குப் பாசம் ஏற்பட்டுவிட்டால் அங்கே நடுநிலையாகப் பார்வையிட முடியாது. ஆகவே அந்த இல்லத்தை இனி வேறொருவர் பார்த்துக்கொள்வார். நானும் தனிப்பட்ட முறையில் அங்கே போகக்கூடாது. நெடுமாறன் சார் இதை மென்மையாகத்தான் சொன்னார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். அதனால் சண்டை போடவும் வழியில்லாமல், திண்டிவனம் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டே செஞ்சிக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு வேறு இல்லங்களுக்குப் போனேன். பிள்ளைகளிடம் கேட்கவேண்டியதைக் கேட்டேன். யாராவது பதிலை நீட்டினால் சீக்கிரம் முடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் அலுப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எழிலரசன் போனில் கூப்பிடுவான், சாப்பிட்டீங்களா என்பான், பின்னால் பேத்தி அழுகிற சத்தம் கேட்கும், வைத்துவிடுவான்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறி வாங்கக் கிளம்பினவள், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வசந்தாவைப் பார்த்தேன். கோட்டை பார்க்க வந்த வெளியூர்க் கூட்டத்துக்கு நடுவில், சலவை செய்த நல்ல புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து நின்றிருந்தாள். கையில், செஞ்சிக் கடைத்தெருவுக்கு வந்து வாங்கின பன்னும் வேர்க்கடலை உருண்டையும் போட்ட பை. பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று நினைத்தேன். அவளே கூப்பிட்டுவிட்டாள்.

சைக்கிள் எங்கே, இன்று உனக்கு லீவாயிற்றே என்றேன். லீவுதான் மேடம், நிலாவைப் பார்க்கப் போகிறேன் என்றாள். எனக்குப் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே நிலா சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டாளாம். முதுகில் நாலு வைக்கலாம் என்றுதான் வசந்தாவுக்குத் தோன்றியதாம், அதற்கும் நீங்கள் புகார் எழுதுவீர்கள் என்று விட்டுவிட்டேன் என்று சிரித்தாள். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் போய், மற்ற பிள்ளைகளின் சொந்தக்காரர்களோடு பார்வையாளர் அறையில் உட்காருகிறாளாம். மீனம்பாள் முதலில் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு மற்ற பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரியே நிலாவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பினாளாம்.

தினமும்தான் பார்க்கிறாயே, அப்புறம் எதற்கு என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியும். பொறாமைதான்.

"தெனம் சோறு போடறது வேல மேடம். அது அதுக்கும் தெரியுது. லீவு நாள்ல போய் உக்காந்தாத்தான பாக்க வந்த மாரி இருக்குது" என்றாள் வசந்தா.

நான் தலையை ஆட்டினேன். நிலா நன்றாகச் சாப்பிடுகிறாளா, முடி கொட்டுவது நின்றுவிட்டதா என்று விசாரித்தேன். உடம்பு தேறிவிட்டது என்றாள். சிங்கவரம் பஸ் வந்து நின்றது. ஏறப் போனவள், படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"போன வாரம் ஒண்ணு கேட்டுச்சு மேடம். அந்த மேடத்த பாக்க யாரு வர்றாங்கன்னு கேட்டுச்சு. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல."

"பையன் வர்றான்னு சொல்லு" என்றேன். "மாசா மாசம் வர்றான்னு சொல்லு."

வசந்தா சரி என்று தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். பஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிளம்பியது. எழிலரசன் இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை.